ஹாலில் ஒரு திவான் போடுவது எப்படி? – ஒரு இன்ஜினியரிங் பாடம்



நம்ம பத்திரிகையில ட்ரோன், பேட்டரி, ராக்கெட்னு பெரிய பெரிய விஷயமா படிச்சுப் பழகின உங்களுக்கு இந்தத் தலைப்பைப் பார்த்ததும் "என்ன, ஃபர்னிச்சர் கடை விளம்பரமா?" என்று தோன்றலாம். இல்லை. இது பாடம்தான். செகண்ட் இயரில் படித்த ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், ஃபர்ஸ்ட் இயரில் படித்த மேக்ஸிமா-மினிமா, எந்த செமஸ்டரிலும் படிக்காத ஒரு விஷயம், இந்த மூன்றும் ஆறடிக்கு மூன்றடி பலகையில் ஒன்றாகச் சந்திக்கின்றன. ஒரு டேப், ஒரு பென்சில், கொஞ்சம் பழைய நியூஸ்பேப்பர் எடுத்து வைத்துக்கொண்டு படிங்க.

முதலில், திவான் என்றால் என்ன?

பகலில் உட்கார, இரவில் படுக்க, ஒரே ஒரு மேடை. அவ்வளவுதான். ஆன்லைன் கடைகளில் 'டேபெட்' என்று போட்டிருப்பார்கள். நம்ம ஊர்க் கடையில் 'திவான் கட்டில்' என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். திவான் என்ற சொல் பாரசீகம், அரபி வழியாக வந்தது. முதலில் கணக்குப் பதிவேடு, பிறகு அரசவை, அப்புறம் அந்த அவையில் சுவரோரமாகப் போட்டிருந்த மெத்தை மேடை என்று பொருள் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. சமஸ்தானங்களில் 'திவான்' என்று இருந்தாரே, அந்தப் பதவியும் இதே சொல்லில் இருந்து வந்ததுதான்.

இந்த யோசனை எந்த ஒரு ஊருக்கும் சொந்தம் இல்லை. பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் சாய்ந்தபடி சாப்பிடுவதற்கே மெத்தைக் கட்டில் வைத்திருந்தார்கள். கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1930இல் வடிவமைத்த டேபெட் இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. நமக்கு திண்ணை இருந்தது. பகலில் பேச்சுக்கு, இரவில் தூக்கத்துக்கு. திண்ணை போய் ஃப்ளாட் வந்தபோது அந்த வேலையை ஹாலில் இருக்கும் திவான் எடுத்துக்கொண்டது என்றே நான் நினைக்கிறேன்.

சோஃபா-கம்-பெட்டுடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் கீல், ஸ்ப்ரிங், இழுப்பு எல்லாம் உண்டு. தினமும் இரண்டு முறை மடக்கி விரிக்க வேண்டும். திவானில் நகரும் பாகமே கிடையாது. நகரும் பாகம் இல்லாத பொருளுக்கு ரிப்பேரும் குறைவு.

கேள்வி ஒன்று: அதில் தூங்கப்போவது யார்?

எல்லாரும் கலரில் இருந்து ஆரம்பிப்பார்கள். நாம் ஆளில் இருந்து ஆரம்பிப்போம். டிசைனில் இதற்குப் பெயர் 'யூசர் ரிக்வயர்மென்ட்'. வருஷத்துக்கு நாலு முறை வரும் மாமாவுக்கா, தினமும் இரவு ஒரு மணி வரை படிக்கும் தம்பிக்கா, ஊரில் இருந்து நிரந்தரமாக வந்து தங்கப்போகும் பெரியவருக்கா? மூன்றுக்கும் மூன்று திவான்.

எங்க வீட்டுக் கேஸையே எடுத்துக்கலாம். மதுரையில் ஒரு பெட்ரூம் வீடு. ஹால் 12 அடிக்கு 10 அடி. முட்டி ஆபரேஷன் முடிந்து அப்பத்தா எங்களோடவே இருக்க வந்தார். தரையில் உட்காரக் கூடாது, குத்துக்காலிடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பத்தாவோ, "எனக்கு எதுக்குய்யா கட்டிலு, ஒரு பாயைப் போட்டா போதும், வீணா காசைக் கரைக்காதீய" என்றார். எழுபது வருஷமா தரையில் படுத்துப் பழகின உடம்பு. அப்படிப்பட்டவரை உட்கார வைக்கும் திவான் தப்பான உயரத்தில் இருந்தால் அது வெறும் அசௌகரியம் இல்லை. ராத்திரி எழுந்திருக்கும்போது விழுந்துவிடும் ஆபத்து. அதனால்தான் இந்த அளவுகளை எல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

இடம்: வாங்கும் முன்னாடி பேப்பரை விரிங்க

சிங்கிள் மெத்தையின் அகலம் பொதுவாக 30 அல்லது 36 இன்ச். நீளம் 72, 75, 78 இன்ச் என்று கிடைக்கும். நமக்கு 36 இன்ச் அகலம், அதாவது 3 அடி என்று வைத்துக்கொள்வோம்.

எங்க ஹாலில் 12 அடிச் சுவரோரமாகத் திவான். எதிர்ச் சுவரில் ஒன்றேகால் அடி ஆழத்துக்கு டிவி ஸ்டாண்ட். ஹால் அகலம் 10 அடி. 10-இல் இருந்து 3-உம் 1.25-உம் கழித்தால் 5.75 அடி மிச்சம். நடுவில் ஒன்றரை அடி டீப்பாய். திவானுக்கும் டீப்பாய்க்கும் நடுவே கால் நுழைய ஒன்றேகால் அடி. கடைசியில் நடக்கக் கிடைப்பது சரியாக 3 அடி. வாக்கர் வைத்து நடப்பவருக்கு இதற்குக் குறைந்தால் கஷ்டம். 10 அடி அகல ஹாலில் டபுள் சைஸ் திவான் போட நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கவும்.

கணக்கு போட்டாலும் கண் நம்பாது. அதனால் பழைய நியூஸ்பேப்பரைத் திவான் அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து, இரண்டு நாள் அப்படியே விட்டு விடுங்கள். கதவு திறக்கும்போது இடிக்கிறதா, பீரோ கதவு முழுசாகத் திறக்கிறதா, சமையலறைக்குப் போகும் வழியில் எத்தனை பேர் அந்தப் பேப்பரை மிதிக்கிறார்கள் என்று பாருங்கள். மிதி விழுந்த இடம்தான் உங்கள் வீட்டின் உண்மையான நடைபாதை.

எந்தச் சுவர் என்பதும் முக்கியம். மூன்று விஷயம் பாருங்க:

1. மேற்குச் சுவர்: சாயங்கால வெயிலை வாங்கிய செங்கல் சுவர் அந்தச் சூட்டை உடனே உள்ளே விடாது. சில மணி நேரம் கழித்து, நாம் படுக்கும் நேரத்துக்குத்தான் விடும். ஹீட் டிரான்ஸ்ஃபரில் படித்த டைம் லேக் இதுதான். வேறு சுவர் இருந்தால் அதை எடுங்கள்.

2. ஃபேன்: சீலிங் ஃபேன் ஹாலின் நடுவில் இருக்கும். காற்று நேர் கீழே இறங்கும். சுவரோரம் படுப்பவருக்கு அதில் பாதிகூட வராது. அங்கே ஒரு சுவர் ஃபேன் மாட்ட ப்ளக் பாயின்ட் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து விடுங்கள்.

3. ஓதம்: மழைக்காலத்தில் சுவர் ஈரம் பிடிக்கும் வீடு என்றால் திவானுக்கும் சுவருக்கும் நடுவே 2 இன்ச் விடுங்கள். காற்று போக வழி இல்லாத இடத்தில் முதலில் பூஞ்சை வரும், அப்புறம் வாசனை வரும்.

உயரம்: இதுதான் உயிர்நாடி

உட்காருபவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, பாதம் தரையில் முழுசாகப் பதிந்திருக்க, தரையில் இருந்து முழங்கால் மடிப்பு வரை அளங்கள். அப்பத்தாவுக்கு பதினைந்தரை இன்ச் வந்தது. அப்பாவுக்கு 17.

சாதாரண ஆளுக்கு அந்த அளவே உட்காரும் உயரமாக இருக்கலாம். முட்டி வலி இருப்பவருக்கு ஒன்றிரண்டு இன்ச் கூட வேண்டும். காரணம் சிம்பிள். இருக்கை தாழ்வாக இருந்தால் எழும்போது முழங்கால் அதிகமாக மடங்கி இருக்கும். உடம்பின் எடை முட்டியில் இருந்து தள்ளி விழும். தூரம் கூடினால் மொமென்ட் கூடும். அந்த மொமென்ட்டைத் தொடைத் தசைதான் தனியாகத் தூக்க வேண்டும். ஆனால் அளவுக்கு மீறி உயர்த்தினாலும் பாதம் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப் போகும்.

நாங்கள் எடுத்த அளவு 17 இன்ச். இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். 17 என்பது உட்கார்ந்த பிறகு இருக்க வேண்டிய உயரம். மெத்தை அமுங்கும் இல்லையா? 13 இன்ச் பலகை, அதன் மேல் 5 இன்ச் மெத்தை, ஆக 18. உட்கார்ந்தால் சுமார் 1 இன்ச் அமுங்கி 17. கடைக்காரர் சொல்லும் உயரம் மெத்தை இல்லாமலா, மெத்தையோடவா என்று கேட்காமல் வாங்காதீங்க.

அடுத்து, யாரும் கவனிக்காத ஒன்று: குதிகால் இடம். நீங்களே இப்போ உட்கார்ந்த இடத்தில் இருந்து எழுந்து பாருங்கள். எழுவதற்கு முன் உங்களுக்கே தெரியாமல் பாதத்தைப் பின்னால் இழுக்கிறீர்கள். உடம்பின் எடை பாதத்துக்கு மேல் வந்தால்தான் எழ முடியும் என்பதால் உடம்பு தானாகவே செய்யும் வேலை அது. இப்போது, தரை வரை பெட்டியாக மூடிய ஸ்டோரேஜ் திவானை யோசியுங்கள். குதிகால் பலகையில் முட்டி நின்றுவிடும். இளைஞர்கள் ஒரு குதி குதித்து எழுந்து விடுவார்கள். பெரியவர்களால் முடியாது. ஸ்டோரேஜ் வேண்டும் என்றால் பெட்டியின் முன்பக்கத்தை 4 இன்ச் உள்ளே தள்ளிச் செய்யச் சொல்லுங்கள். ஆசாரிக்கு இது ஐந்து நிமிட வேலை.

ஆழம்: சோஃபாவாகவும் இருக்கணும், கட்டிலாகவும் இருக்கணும்

இதுதான் திவானின் அடிப்படைச் சண்டை. படுக்க 36 இன்ச் வேண்டும். உட்கார, முதுகில் இருந்து முழங்கால் மடிப்பு வரை சுமார் 18 முதல் 21 இன்ச் போதும். 36 இன்ச் ஆழத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் கால் குழந்தை மாதிரி நேராக நீட்டிக்கொண்டிருக்கும். நுனியில் உட்கார்ந்தால் முதுகுக்குச் சாய்மானம் இல்லை.

தீர்வு தலையணைதான். சுவரோரம் 8 அல்லது 9 இன்ச் விட்டமுள்ள உருட்டுத் தலையணை, அதற்கு முன்னால் 6 இன்ச் கனமுள்ள சதுரத் தலையணை. மொத்தம் 15 இன்ச். மிச்சம் 21. சோஃபா ரெடி. இரவில் அவற்றை எடுத்துவிட்டால் கட்டில் ரெடி. ஆனால் எடுத்த தலையணைகள் எங்கே போகும்? இதற்குப் பதில் இல்லாத வீட்டில் அவை தரையில் கிடக்கும், இருட்டில் கால் தடுக்கும். அடியில் உள்ள ஸ்டோரேஜை முதலில் அவற்றுக்கு ஒதுக்குங்கள். பழைய செமஸ்டர் நோட்டுகளுக்கு அப்புறம் இடம் தேடலாம்.

இடம் ரொம்பக் குறைவு என்றால் 30 இன்ச் அகலம் எடுக்கலாம். எப்போதாவது வரும் விருந்தாளிக்கு அது போதும். தினமும் படுப்பவருக்கு 36-ஐக் குறைக்காதீர்கள். ரயில் பெர்த்தில் ஒரு ராத்திரி ஓட்டிடலாம், வருஷம் முழுக்க ஓட்ட முடியாது.

நீளத்துக்கும் ஒரு விதி. படுப்பவரின் உயரத்தோடு 6 இன்ச்சாவது கூட்டுங்கள். ஐந்தடி பத்து இன்ச் ஆள் என்றால் 76 இன்ச், அதாவது 78 இன்ச் மெத்தை. இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த திவான் அழகாக இருக்கும். ஆனால் உள்ளளவு 72 இன்ச்சில் பூட்டிக்கொள்ளும். உயரமானவர்கள் வீட்டில் ஒரு பக்கம் திறந்தே இருக்கட்டும். பெரியவர்கள் இருந்தால் தலைமாட்டுப் பக்கம் மட்டும் உறுதியான கைப்பிடி வையுங்கள். அதைப் பிடித்துத்தான் எழுவார்கள்.

பலம்: இப்போ கணக்கு நேரம்

முன்பக்க நீளச் சட்டம்தான் திவானின் பீம். வீட்டில் விசேஷம். மூன்று பேர் வரிசையாக நுனியில் உட்காருகிறார்கள். ஆளுக்கு 75 கிலோ. மொத்தம் 225 கிலோ, சுமார் 2250 நியூட்டன். முழு எடையும் முன்சட்டத்தில்தான் விழுகிறது என்று பாதுகாப்பாக வைத்துக்கொள்வோம். சட்டத்தின் நீளம் 1.8 மீட்டர். இரண்டு முனையில் மட்டும் கால்.

எடை சீராகப் பரவினால் அதிகபட்ச பெண்டிங் மொமென்ட் = மொத்த எடை × நீளம் ÷ 8. அதாவது 2250 × 1.8 ÷ 8 = சுமார் 506 நியூட்டன் மீட்டர்.

சட்டம் 25 மி.மீ. கனம், 75 மி.மீ. உயரம் என்றால் செக்‌ஷன் மாடுலஸ் 25 × 75 × 75 ÷ 6 = சுமார் 23,440 கன மி.மீ. ஸ்ட்ரெஸ் = 5,06,000 ÷ 23,440 = சுமார் 21.6 மெகா பாஸ்கல். நல்ல மரத்துக்கே டிசைனில் 10 முதல் 12 வரைதான் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஆக, ஃபெயில்.

தொய்வையும் பாருங்கள். மரத்தின் யங்ஸ் மாடுலஸ் 10,000 மெகா பாஸ்கல் என்று எடுத்தால் நடுவில் 19 மி.மீ. தொங்கும். உட்காரும் மூன்று பேரும் நடுவை நோக்கிச் சரிவார்கள். பழைய திவான்களில் நடுவில் ஒரு குழி இருக்குமே, அதற்கு மெத்தையை மட்டும் குறை சொல்ல முடியாது.

இரண்டு வழி இருக்கிறது.

வழி ஒன்று, சட்டத்தின் உயரத்தை 100 மி.மீ. ஆக்குவது. உயரம் வர்க்கமாக வேலை செய்வதால் ஸ்ட்ரெஸ் சுமார் 12-க்கு இறங்கும். தொய்வு 8 மி.மீ.

வழி இரண்டு, 75 மி.மீ. சட்டத்தையே வைத்துக்கொண்டு நடுவில் ஒரு கால் கொடுப்பது. எடையும் பாதி, நீளமும் பாதி. மொமென்ட் நாலில் ஒரு பங்கு. ஸ்ட்ரெஸ் 5.4 மெகா பாஸ்கல். தொய்வோ பதினாறில் ஒரு பங்கு, சுமார் 1.2 மி.மீ. ஒரே ஒரு கட்டைக் காலுக்கு இவ்வளவு பலன்!

இங்கே வைவாவில் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி. நடுக்கால் வைத்த நீளச் சட்டத்தில் அதிகபட்ச மொமென்ட் எங்கே வரும்? பாதிக்குப் பாதியின் நடுவில் இல்லை, நடுக்காலுக்கு நேர் மேலே. அங்கே சட்டம் தலைகீழாக வளையும், மேல்பக்கம் இழுபடும். அதனால் அந்த இடத்தில் மேலிருந்து பெரிய துளை போட வேண்டாம், சட்டத்தை அங்கே ஒட்டுப் போடவும் வேண்டாம்.

இரும்பு பிரியர்களுக்கு: 38 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. கனம், நடுக்கால் இல்லை என்றால் ஸ்ட்ரெஸ் சுமார் 154 மெகா பாஸ்கல். சாதா எம்.எஸ். இரும்புக்கு அது எல்லையிலேயே நிற்கிறது. நடுக்கால் வைத்தால் 38-தான். ஆக, மரமோ இரும்போ, நடுக்கால் இல்லாத திவானை வாங்காதீங்க.

இந்தக் கணக்கு எல்லாம் மெதுவாக உட்காருபவர்களுக்கு. 'தொப்'பென்று விழுபவர்களுக்கு? திடீரென்று வைக்கப்படும் லோடு, மெதுவாக வைக்கும் லோடைவிட இரண்டு மடங்கு ஸ்ட்ரெஸ் தரும் என்பது பாடத்திலேயே இருக்கிறது. உயரத்தில் இருந்து விழுந்தால் அதற்கும் மேல். கிரிக்கெட் பார்க்கும்போது திவான் மேல் குதிக்கும் தம்பிகள் கவனத்துக்கு.

பொருள்: பலகையும் பஞ்சும்

மெத்தையின் கீழ் போடும் பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட், அடியில் ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம். ஓதம் உள்ள வீட்டுக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் நல்லது. காய்ந்த இடத்துக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் தண்ணீர் பட்டால் ஊதிவிடும். மாப் போடும் தரைக்கு அருகில் அவை வேண்டாம். பிளைவுட்டில் ஆறேழு இடத்தில் ஒரு இன்ச் துளை போடுங்கள். வியர்வை ஈரம் கீழே இறங்க வழி வேண்டும்.

ஃபோம் வாங்கும்போது '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்பார்கள். ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதுதான் அது. கடினமா மென்மையா என்பது வேறு கணக்கு. டென்சிட்டி சொல்வது பெரும்பாலும் ஆயுளை. இதில் ஒரு நல்ல விஷயம், உங்களை ஏமாற்ற முடியாது. 72 × 36 × 4 இன்ச் ஃபோமின் கன அளவு சுமார் 0.17 கன மீட்டர். 32 டென்சிட்டி என்றால் எடை 5.4 கிலோ இருக்க வேண்டும். 40 என்றால் 6.8. தராசில் வைத்ததும் 3 கிலோ காட்டினால் அது 18 டென்சிட்டி. உறை இல்லாமல் எடை போடச் சொல்லுங்கள். ரீபாண்டட் ஃபோம் என்பது துண்டுகளை அழுத்திச் செய்வது. அது இதைவிடப் பல மடங்கு கனமாகத்தான் இருக்கும், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அப்பத்தாவுக்குக் கீழே 4 இன்ச் ரீபாண்டட், மேலே 1 இன்ச் மென்மையான ஃபோம் வைத்தோம். முழுக்க மென்மையாக இருந்தால் உடம்பு புதையும். புதைந்தால் புரளவும் முடியாது, எழவும் முடியாது. பக்கத் தலையணைகளுக்கு இலவம் பஞ்சு. கட்டி தட்டினால் வெயிலில் போட்டு அடித்தால் சரியாகிவிடும்.

மேலே விரிக்க, பவானி ஜமக்காளத்தை அடிக்க ஆளில்லை. கனமானது, சுருங்கி ஓடாது, அழுக்கு தெரியாது, துவைக்கலாம். காட்டன் எது வாங்கினாலும் ஒரு முறை நனைத்து உலர்த்திவிட்டு உறைக்கு வெட்டுங்கள். இல்லையென்றால் முதல் துவையலிலேயே உறை சிறுத்துவிடும். ஹாஸ்டல்வாசிகளுக்கு ஒரு எச்சரிக்கை: மரப் பொருத்துகளில் இடுக்கு விட்டால் மூட்டைப்பூச்சி வாடகை இல்லாமல் குடியேறும்.

வீட்டுக்குள் போகுமா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஆர்டர் போட்டவர்கள் திவானை மாடிப்படியில் வைத்துக்கொண்டு வியர்த்து நிற்பதை எல்லாரும் பார்த்திருப்போம். இதற்கும் கணக்கு உண்டு. இரண்டு பக்கமும் 3 அடி அகலமுள்ள நடை, எல் வடிவில் திரும்புகிறது. திவானைப் பக்கவாட்டில் சாய்த்துத் தூக்குகிறோம். அப்போது அதன் உயரம்தான் அகலம். அந்தத் திருப்பத்தில் போகக்கூடிய அதிகபட்ச நீளம்: நடை அகலம் × 2.83 – திவான் அகலம் × 2. நாற்பத்தைந்து டிகிரியில் நிற்கும்போது எல்லாம் நெருக்கிப் பிடிக்கும் என்பதில் இருந்து வருவது இது. பேப்பரில் வரைந்து பாருங்கள், நீங்களே நிரூபிக்கலாம்.

காலோடு சேர்ந்து ஒன்றரை அடி என்றால் 8.49 – 3 = சுமார் 5.5 அடி. ஆறேகால் அடித் திவான் திரும்பாது. காலைக் கழற்றி 1 அடியாக்கினால் 8.49 – 2 = சுமார் 6.5 அடி. உரசிக்கொண்டு போய்விடும். எதற்கும் போல்ட் போட்டுக் கழற்றி மாட்டும் மாதிரி செய்வதே நல்லது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

எந்த செமஸ்டரிலும் இல்லாத பாடம்

இதுவரை சொன்னது எல்லாம் அளக்கக்கூடியவை. ஒன்று மட்டும் டேப்பில் வராது. ஹாலில் படுப்பவருக்குக் கதவு கிடையாது.

யோசித்துப் பாருங்கள். பெட்ரூமில் படுப்பவர் சாத்திக்கொள்ளலாம். ஹாலில் படுப்பவர் நாம் டிவியை நிறுத்தும் வரை தூங்க முடியாது. காலையில் பால்காரர் வரும்போது எழுந்தாக வேண்டும். விருந்தாளி வந்தால் அவருடைய படுக்கையில்தான் அவர்களை உட்கார வைப்போம். அப்பத்தா ஒவ்வொரு முறையும் யாராவது வந்ததும் போர்வையைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தார். யாரும் ஒதுங்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த இடம் தன்னுடையது என்று சொல்லும்படி அங்கே எதுவுமே இல்லை.

இதை நாங்கள் முழுசாகத் தீர்த்துவிடவில்லை. ஹால் ஹால்தான். ஆனால் சின்னச் சின்னதாகச் சில மாற்றம் செய்தோம். தலைமாட்டில் ஓர் அடி அகலத்துக்கு ஒரு தட்டு. மூக்குக் கண்ணாடி, மாத்திரை டப்பா, வெற்றிலைப் பெட்டி, தண்ணீர்ச் செம்பு அங்கே. கைக்கு எட்டும் உயரத்தில் அவருக்கு மட்டும் ஒரு சுவிட்ச், மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு சின்ன விளக்கு. பாத்ரூம் வழியில் ராத்திரி முழுக்க எரியும் குட்டி பல்ப். கூரையில் கம்பி கட்டி இழுத்து மூடும் ஒரு காட்டன் திரை. விருந்தாளிக்கு எதிரே இரண்டு நாற்காலி. தலைமாட்டுப் பக்கம் யாரும் உட்கார்வதில்லை என்று வீட்டில் எழுதப்படாத சட்டம். பத்து மணிக்கு டிவி நிறுத்தம். மேட்ச் இருந்தால் போனில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போ பக்கத்து வீட்டு அக்கா வந்தால், "இந்தா, இப்பிடி உக்காரு தாயி" என்று கால்மாட்டைக் காட்டுகிறார். தலைமாட்டைக் காட்டுவதில்லை. 21 இன்ச், 32 டென்சிட்டி எல்லாவற்றையும்விட அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு டெஸ்ட் ரிசல்ட்.

சுருக்கமாக, பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிப்பவர்களுக்கு:

• ஆளை அளந்துவிட்டு அப்புறம் திவானை அளங்கள்.
• நடக்க 3 அடி. பேப்பர் விரித்து இரண்டு நாள் பாருங்கள்.
• உட்கார்ந்த பின் உயரம் = முழங்கால் மடிப்பு; முட்டி வலி இருந்தால் ஒன்றிரண்டு இன்ச் கூட.
• குதிகாலுக்கு 4 இன்ச் இடம்.
• உட்கார 21 இன்ச், படுக்க 36 இன்ச். நடுவில் உள்ள 15-ஐத் தலையணை பார்த்துக்கொள்ளும்.
• நடுக்கால் கட்டாயம்.
• ஃபோமைத் தராசில் வையுங்கள்.
• மாடிப்படித் திருப்பத்தை அளந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.
• படுப்பவருக்கு ஒரு தட்டு, ஒரு சுவிட்ச், ஒரு திரை.

வீட்டுப்பாடம்: இந்த வாரம் வீட்டுக்குப் போனால் உங்கள் ஹாலில் இருக்கும் திவானையோ சோஃபாவையோ அளந்து பாருங்கள். நடுக்கால் இருக்கிறதா? பாட்டி, தாத்தா எழும்போது எதைப் பிடித்து எழுகிறார்கள்? அவர்களுடைய கண்ணாடியை எங்கே வைக்கிறார்கள்? முதல் கேள்விக்கு டேப் போதும். மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருக்கும். உட்காருங்க, ஆனா 'தொப்'புனு வேண்டாம்!